இடது தாடையில் ஒரு பள்ளம்

பாலிஷின் கட்டைவிரல் சட்டென்று நின்றது.

அவன் கையில் இருந்தது யாருடைய இடது தாடையோ. இதுவரை மண்டைத் தகடுகளையே தேய்த்து வந்தவனுக்குத் தாடை வந்தது இதுதான் முதல் தடவை. டைட்டானியத் தூளை மெல்லிய படலமாகப் பரப்பி, லேசரால் உருக்கி, அதன்மேல் இன்னொரு படலம் பரப்பி, அப்படியே அடுக்கடுக்காக வளர்த்தெடுத்த புத்தம்புதுத் தாடை. எலும்போடு ஒட்டும் பக்கம் பஞ்சு மாதிரி துளைதுளையாக இருக்கும். எலும்பு அதற்குள் வளர்ந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதால் அந்தப் பக்கம் யாரும் கைவைக்கக் கூடாது. வெளிப்பக்கத்தை மட்டும் வழவழவென்று தேய்த்துக் கொடுப்பது அவன் வேலை. அதனால்தான் தொழிற்கூடத்தில் எல்லாருக்கும் அவன் பாலிஷ். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது, அது சம்பளத்தன்று மட்டும் வெளியே வரும்.

தாடையின் கீழ்விளிம்பில் ஒரு சிறு பள்ளம். நகம் பதிகிற அளவுதான். தேய்மானத்தில் வந்ததல்ல, மெஷினே அப்படித்தான் வளர்த்திருக்கிறது. கட்டைவிரலால் இரண்டு தடவை வருடிப் பார்த்தான். விரலுக்கு அந்த இடம் நன்றாகப் பழகியிருந்தது. மெதுவாக முகமூடியை இறக்கிவிட்டு, மறுகையால் தன் இடது தாடையைத் தொட்டான்.

அதே இடத்தில் அதே பள்ளம் இருந்தது.

கூடத்தில் மெஷினின் ரீங்காரம் தவிர வேறு சத்தமில்லை. தன் முகத்தைத் தானே கழற்றிக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பது போல அவனுக்கு இருந்தது. தாடையைத் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டான். பெட்டியின்மேல் எண் மட்டும்தான் இருக்கும். யாருக்குப் போகிறது என்று கேட்கக் கூடாது என்பது அங்கே முதல் விதி.

அவன் தாடைக்கும் ஒரு கதை உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால், பின்னோக்கி வந்த லாரி ஒன்று அவன் முகத்தை ஒரு கை பார்த்துவிட்டது. இரண்டு பக்கமும் நொறுங்கிப் போயிற்று. அப்போதுதான் திறந்திருந்த இதே தொழிற்கூடம்தான் தாடை, கன்னம், கண்குழி விளிம்பு எல்லாவற்றையும் செய்து கொடுத்தது. இவர்கள் செய்த முதல் முகம் அவனுடையதுதான். கட்டு அவிழ்த்த அன்று கண்ணாடியை வாங்கிப் பயந்துகொண்டே பார்த்தான். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்படியேதான் இருக்கேன்பா" என்றான். அப்பா வெளியே போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுதார். அன்றிலிருந்து அவர் முகம் மழிப்பதை நிறுத்திவிட்டார். ஏன் தாடி என்று கேட்டால், பிளேடு விலை ஏறிவிட்டது என்பார்.

பள்ளம் மட்டும் லாரியின் ஞாபகார்த்தம் என்று பாலிஷ் முடிவுகட்டியிருந்தான். லாரி கொடுத்த பள்ளம் முன்பின் தெரியாத ஒருவரின் தாடையில் எப்படி வந்தது?

ஏதோ தற்செயல் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போனான். வீட்டில் அப்பாவின் தலையணையும் போர்வையும் கூடத்து நாற்காலியில் கிடந்தன.

"உங்கப்பா இனிமே இங்கதான் படுப்பார்" என்றாள் அம்மா.

"ஏம்மா?"

"அவரையே கேளு."

அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். ஜெராக்ஸ் எடுக்கப் போனவள் திரும்பி வந்ததிலிருந்து இப்படித்தான் இருக்கிறாள் என்றும், தனக்கு ஒன்றும் தெரியாது என்றும் தாளுக்குள்ளிருந்தே சொன்னார்.

அம்மாவிடமிருந்து விஷயத்தைக் கறப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஜெராக்ஸ் கடையில் புதிதாக ஒருவன் சேர்ந்திருக்கிறான். குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் மெஷின் வெளிச்சம் கீழிருந்து முகத்தில் ஓட, தலையை நிமிர்த்தி, "எத்தனை காப்பிம்மா?" என்று கேட்டிருக்கிறான். அம்மா பதில் சொல்லாமல் வந்துவிட்டாள். கொண்டுபோன தாளையும் அங்கேயே விட்டுவிட்டாள்.

"கல்யாணமான புதுசுல, தாடியெல்லாம் இல்லாம, என் எதிர்ல வந்து நின்னாரே உங்கப்பா. அதே மூஞ்சிடா. எனக்கு முதுகெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. பேயோன்னுகூட நினைச்சேன். அப்புறம்தான் யோசிச்சேன், ஆள்தான் உயிரோட வீட்ல உக்காந்திருக்காரே. அப்ப இது பேய் இல்ல, புள்ள."

ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளரான அப்பாவை இப்படிச் சந்தேகிப்பது அநியாயம். பக்கத்து வீட்டம்மாள் மணி கேட்டால்கூட உள்ளே போய் மனைவியைக் கூட்டிவந்து சொல்லவைக்கிற மனிதர் அவர். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை, யாரோ ஒரு பெண் நன்றாகப் பாடுகிறாள் என்று வாய்தவறிச் சொன்னார். அதே நாளில் குளியலறையில் வழுக்கி விழுந்து முகம் வீங்கிப் போனார். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவசர அவசரமாகச் சொல்வார். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அம்மாவுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

அம்மாவின் கண்ணில்தான் கோளாறு என்று நிரூபித்துவிட்டால் தீர்ந்தது என்று பாலிஷ் நினைத்தான். மறுநாள் அவளைக் கையோடு ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டிப் போனான்.

புதிதாகச் சேர்ந்தவன் நிமிர்ந்தான். வெளிச்சக்கோடு அவன் தாடையிலிருந்து நெற்றிவரை ஊர்ந்து போயிற்று. மூக்கு வேறு, நிறம் வேறு, முடி வேறு. ஆனால் அவற்றுக்கு அடியில் இருந்து பார்த்தது அவன் முகம். ஜெராக்ஸ்காரனும் இவனையே பார்த்தான். இருவர் கையும் ஒரே நேரத்தில் இடது தாடைக்குப் போயிற்று.

"தம்பி, உங்கப்பா என்ன பண்றார்?" என்று அம்மா கேட்டாள்.

"யாருன்னே தெரியாதும்மா. நான் அநாதை இல்லத்துல வளர்ந்தவன்."

அம்மா பாலிஷைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் ஒரு சுற்று இளைத்துப் போனான். ஆனாலும் சுதாரித்துக்கொண்டு, முகத்தில் ஏதாவது அடிபட்டதா என்று ஜெராக்ஸ்காரனிடம் கேட்டான். ஏணியிலிருந்து விழுந்து மொத்த முகமும் போய்விட்டது, ஆபரேஷன் செய்து உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள் என்றான் அவன். பாலிஷுக்கு உயிர் வந்தது. அப்படியென்றால் எல்லாம் தங்கள் கூடத்தில் வளர்ந்த உலோகம்தான். இதை வழியெல்லாம் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டே வந்தான்.

அம்மா பொறுமையாகக் கேட்டாள். வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, "அடிபட்டா மூஞ்சி கோணும்டா. எங்கயாவது உங்கப்பா மாதிரி ஆகுமா?" என்றாள்.

அந்தக் கேள்வியின் விளைவு அடுத்த வாரமே தெரிந்தது. அம்மா ஜெராக்ஸ்காரனுக்குத் தினமும் சாப்பாடு கொண்டுபோக ஆரம்பித்தாள். தப்பு செய்தது பெரியவர், பிள்ளை என்ன பாவம் செய்தான் என்பது அவள் நியாயம். ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். உள்ளே வந்தவன் அப்பாவைப் பார்த்துத் தயங்கி, கண்கலங்கி, "அப்பா" என்றான். அப்பா மடியில் காபியைக் கொட்டிக்கொண்டார். சூடான காபி, ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. அந்தப் பையன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குள் பாலிஷுக்கு வெளியே போகவே பயமாகிவிட்டது. பஸ்ஸில் முன்னிருக்கையில் இருந்தவர் சன்னல் பக்கம் திரும்பினால், கண்ணாடியில் அவன் தாடை. மருந்துக்கடையில் பாக்கிச் சில்லறை கொடுத்த பெண் சிரித்தால், அவன் சிரிப்பு. அவன் சிரிக்காதபோது எதிரில் அவன் சிரிப்பு வந்து நின்றால் எப்படி இருக்கும் என்பதைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும். சொந்தக்காரர் ஒருவர் அவனுக்காகப் பெண் பார்த்துப் படம் அனுப்பியிருந்தார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள், படத்தைச் சாய்த்துப் பார்த்தாள், கடைசியில் உறைக்குள் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"வேணாம்டா. தங்கச்சியா இருக்கப்போகுது."

இதை இப்படியே விட்டால் தனக்குக் கல்யாணமே நடக்காது என்பது பாலிஷுக்குப் புரிந்தது. முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் திரும்பவந்து காட்டிப் போகிற நாள் ஒன்று ஆஸ்பத்திரியில் உண்டு. அங்கே அம்மாவைக் கூட்டிப்போய், இது வைத்தியம்தான் என்று கண்ணால் காட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டான். ஜெராக்ஸ்காரன் கையில் சீட்டோடு உட்கார்ந்திருப்பான், பக்கத்தில் டாக்டர் இருப்பார், அம்மா ஏதாவது கேட்டால் டாக்டரே சொல்லிவிடுவார்.

நீளமான நடைபாதை. மருந்து வாடை. கடைசியில் சன்னலோரமாக ஒரு பெஞ்ச். இவர்கள் செருப்புச் சத்தம் கேட்டு பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

ஆண்கள் இருந்தார்கள், பெண்கள் இருந்தார்கள், மீசை அரும்பாத ஒருவனும் இருந்தான். தலை நரைத்த ஓர் அம்மாள்கூட இருந்தாள். பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே முகம் வரிசையாக உட்கார்ந்து இவர்களைப் பார்த்தது. பிறகு ஒவ்வொருவராகப் பாலிஷைக் கவனித்தார்கள். ஒவ்வொரு கையாக இடது தாடைக்குப் போயிற்று. கடைசியில் பாலிஷின் கையும் போனது, அவனைக் கேட்காமலே.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அன்றைக்கு விடுப்பு.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் எதிரில் போய் நின்றாள்.

"ஒரு பெஞ்ச்சுங்க. ஒரு பெஞ்ச் முழுக்க. பெரியவளா ஒருத்தி இருக்கா, என்னைவிட மூத்தவ மாதிரி. அதுகூடவா?"

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு, "எல்லாரும் நல்லா இருக்காங்களா? மென்னு சாப்பிட முடியுதாமா அவங்களால?" என்று கேட்டார்.

"பாத்தியாடா? விசாரிக்கிறார் பாரு, பெத்தவர் மாதிரி."

பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். அக்கா வீட்டுக்குப் போகிறேன், மறுநாள் ரயில், திரும்பி வருகிற எண்ணம் இல்லை என்றாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள். அதுதான் பாலிஷை உலுக்கியது. சத்தம் போடுகிற அம்மாவைச் சமாளித்துவிடலாம், சேலையை நிதானமாக மடிக்கிற அம்மாவை ஒன்றும் செய்ய முடியாது. இத்தனை வருஷம் ஒரே தட்டில் மிக்சரைப் பங்கிட்டுத் தின்ற இருவர் தன் கண்முன்னாலேயே பிரிகிறார்கள். அப்பா நான் குற்றமற்றவன் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன? அவர் சொல்லவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு மகன் முகத்தையே பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் வேலைக்கு ஓடி, நேராக டிசைன் மேடத்தின் அறைக்குள் போனான். உடைந்த முகங்களைக் கணினியில் சேர்த்து, வளர்க்க வேண்டிய துண்டுகளை வரைந்து மெஷினுக்கு அனுப்புகிறவர் அவர்தான். தொழிற்கூடம் திறந்த நாளிலிருந்து இருக்கிறார். பேச்சு குறைவு.

ஒரு பக்கம் உடைந்தால் என்ன செய்வீர்கள் என்று அவன் கேட்டான். நன்றாக இருக்கும் பக்கத்தை அப்படியே கண்ணாடியில் தெரிவதுபோலப் புரட்டி மறுபக்கத்துக்கு வைப்பேன் என்றார். இரண்டு பக்கமும் போய்விட்டால்?

"முழுசா இருக்கிற முகம் ஒண்ணு மாதிரிக்கு வேணும் தம்பி. என்கிட்ட ஒண்ணே ஒண்ணு இருக்கு. முதமுதல்ல பண்ணினப்ப வெச்சுக்கிட்டது. நல்லா அமைஞ்சுபோச்சு, அதையேதான் எல்லாருக்கும் அளவு மாத்தி மாத்திப் போடறேன்." இன்னும் ஏதோ சொல்ல வந்தவர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

முதமுதல்ல. அந்த ஒரு சொல் பாலிஷுக்குப் போதுமானதாக இருந்தது. இவர்கள் செய்த முதல் முகம் யாருடையது? மண்டைக்குள் விளக்கு எரிந்தது. மாதிரி அவன்தான். ஊரில் முகம் இழந்தவர்கள் எல்லாரும் அவன் முகத்தை மாட்டிக்கொண்டு நடமாடுகிறார்கள். இவ்வளவு நாள் பயந்த பயமெல்லாம் போய், மெல்லிய கர்வம் ஒன்று வந்தது. வெளியே வரும்போது அலமாரிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்து, தாடையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டான்.

சூப்பர்வைசரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மாவை வழியிலேயே மடக்கித் தொழிற்கூடத்துக்குக் கூட்டி வந்தான். அப்பாவும் வந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார், ஏனென்றால் அது கனம், அம்மாவுக்கு முதுகுவலி.

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தடித்த கண்ணாடிக்கு அப்பால், காற்று புகாத அறையில், சாம்பல் நிறத் தூளின்மேல் ஓர் ஒளிப்புள்ளி தனியாக ஓடி ஓடி எதையோ வரைந்தது. தூளை ஒரு தகடு வழித்துவிட்டுப் போயிற்று. மறுபடி ஒளி ஓடியது. தூளுக்கு அடியில் யாருடைய கன்னமோ சத்தமில்லாமல் உயர்ந்துகொண்டிருந்தது. அம்மா தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

டிசைன் மேடத்தின் திரையில் அந்த மாதிரி மண்டையோடு மெதுவாகச் சுழன்றது. கண்ணில்லாத முகம் ஒவ்வொரு சுற்றிலும் அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போயிற்று.

"பாரும்மா. இதுதான் எல்லாத்துக்கும் மூலம்" என்று பாலிஷ் ஆரம்பித்தான். எலும்பு எப்படிப் போகிறது, உலோகம் எப்படி வளர்கிறது, எலும்பு எந்த உருவமோ தோலும் அதே உருவத்தைக் காட்டும் என்பதையெல்லாம் விளக்கினான். ஜெராக்ஸ்காரனும் அந்தப் பெஞ்சும் அப்பாவின் பிள்ளைகள் அல்ல, இந்த மெஷினின் பிள்ளைகள் என்றான். "அப்பா மேல ஒரு பழியும் இல்லம்மா. அவங்க எல்லாருக்கும் போனது என் முகம். போதுமா? பெட்டியைப் பிரி."

அம்மா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழுந்து கிட்டே போனாள். மண்டையோடு திரும்பி இடது பக்கம் வந்தபோது, விரலால் திரையில் ஓர் இடத்தைத் தொட்டாள்.

"அப்ப இந்தப் பள்ளம்?"

"அது லாரி போட்டதும்மா." பாலிஷ் மேடத்தின் பக்கம் திரும்பிச் செல்லமாகக் கோபித்துக்கொண்டான். "நீங்க அதை மட்டுமாவது ரொப்பியிருக்கலாம் மேடம். என் பள்ளத்தைப் போய் ஊர் முழுக்க எதுக்குக் கொடுத்தீங்க?"

மேடம் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே அப்பா, ஒரு கையில் பெட்டியும் மறுகை இடது தாடையின் தாடிக்குள்ளுமாக, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மேடம் பெட்டியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உன் முகத்துக்காக உங்கப்பா இங்க வந்து ஸ்கேன் எடுக்கப் படுத்தப்பவே, ரொப்பிடட்டுமான்னு நானும் கேட்டேன் தம்பி. 'வேண்டாம்மா, அது என் சம்சாரம் பூட்டை வீசினதுல வந்தது, அது பாட்டுக்கு இருக்கட்டும்'னுட்டார்."